வளையும் குழாய்

உருக்குக் குழாயை வளைத்துப் பார்க்கும் பரிசோதனை, ஆய்வுகூடங்களிற் பெரும்பாலும் ஒரு சடங்காகவே நடந்தேறுகின்றது. இரு தாங்கிகளின்மீது குழாயைக் கிடத்தி, நடுவே ஈரிடங்களிற் சுமையேற்றி, சுமைக்கெதிரே தொய்வை வரைபாக்கிவிட்டால் மாணவர் கடமை முடிந்தது. பல்லாண்டுகளாக இப்பரிசோதனையை நடத்தி வருபவன் நான். அளவுமானியின் முள்ளை நோக்கும் கண்கள் குழாயை நோக்குவதில்லை என்பதே என் மனக்குறை.

தொடக்கத்தில் வரைபு நேர்கோடாகச் செல்லும்; சுமையை அகற்றினால் குழாய் பழைய நிலைக்கு மீளும். மென்னுருக்காயின், தகைப்பு ஏறத்தாழ 250 மெகாபஸ்காலை அடையும்போது மேல், கீழ் விளிம்புகள் முதலில் இளகும். அதன் பின்னரும் மெல்லிய சுவருள்ள குழாய் ஏறத்தாழ 27 சதவீதம் கூடுதலான திருப்புதிறனைத் தாங்குமெனக் கணிதம் கூறும். ஆனால் குறுக்குவெட்டு என்றும் வட்டமாகவே இருக்குமென அக்கணிதம் எண்ணிக்கொள்கின்றது.

வட்டம் அவ்வாறு இருப்பதில்லை. தொய்யும் குழாயின் மேற்புறம் அமுக்கப்படுகின்றது, கீழ்ப்புறம் இழுபடுகின்றது. வளைவு காரணமாக மேற்சுவர் கீழ்நோக்கியும் கீழ்ச்சுவர் மேல்நோக்கியும் தள்ளப்பட, வட்டம் நீள்வளையமாக நசுங்குகின்றது. உயரங் குறைந்தால் விறைப்புக் குறையும். விறைப்புக் குறைந்தால் மேலும் வளையும். வளைந்தால் மேலும் தட்டையாகும். 1927இல் பிறேசியர் என்பார் இதனைக் கணித்துக் காட்டினார். நீண்ட மெல்லிய குழாயின் விட்டம் ஒன்பதில் இரு பங்கு குறையும்போது, உருக்கு இளகாதிருப்பினும், அது தாங்கும் திருப்புதிறன் உச்சத்தை எட்டிவிடும். நடைமுறையில் அதற்கு முன்னரே மேற்புறத்தில் மடிப்பொன்று தோன்றி, குழாய் அவ்விடத்தில் மடங்கிவிடுவதுண்டு. கடலடியில் எண்ணெய்க் குழாய் பதிப்போர் அஞ்சுவது இம்மடிப்பையே.

வேல்ஸிலுள்ள பிரித்தானியா பாலத்துக்காக 1845இல் வில்லியம் பெயர்பேர்ண் இரும்புத் தகட்டுக் குழாய்களைச் சோதித்தபோதும் மேற்புறமே நசுங்கிற்று. 1850இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் மேற்பகுதியைச் சிற்றறைகளாக அமைத்தமைக்கு அதுவே காரணம்.

பட்டறைத் தொழிலாளர் பலர் பிறேசியரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் குழாயை வளைக்குமுன் உலர்ந்த மணலை அதனுள் இறுக நிரப்பி இரு முனைகளையும் அடைத்துவிடுவர். வட்டம் குலையாதிருக்கவே அம்மணல். நமது பாடநூல்கள் சிலவற்றில் இவ்வளவு தெளிவு இல்லை!

இப்பொழுதெல்லாம் ஒவ்வொரு சுமைக்கும் நிலைக்குத்து விட்டத்தையும் கிடை விட்டத்தையும் அளந்து எழுதுமாறு மாணவரைக் கேட்கின்றேன். நேரம் வீணாகின்றதென முணுமுணுப்பர். அவ்விரு எண்களும் ஒன்றையொன்று விட்டு விலகத் தொடங்கியதும், எவரும் சொல்லாமலே குனிந்து குழாயைப் பார்க்கின்றனர்.