காலுக்குக் கொடுத்த மாத்திரை

கம்பத்தில் எங்கள் தெரு வழியாகத்தான் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் விடிகாலையில் கிளம்பும். அந்தச் சத்தம் கேட்டதும் "அப்பாடா, ஒரு ராத்திரி கழிந்தது" என்று மூச்சு விடுவேன். சில வருடங்கள் எனக்கு அப்படித்தான் போயின. இதுவரை பஸ்ஸில் பார்த்த மனிதர்களைப் பற்றியே எழுதி வந்தேன். இன்று என் காலைப் பற்றி எழுதுகிறேன். கூடவே சொல்லக் கூச்சமான ஒரு விஷயமும் வரும். யாராவது ஒருவருக்கு உதவினால் போதும்.

நான் 32 வருடம் கண்டக்டர் வேலை பார்த்தவன். நின்றே பிழைத்த கால்கள். ஓய்வு பெற்று உட்கார்ந்த பிறகுதான் அவை பேச ஆரம்பித்தன. ராத்திரி படுத்து கால் மணி நேரம் ஆனால் போதும், கெண்டைக்காலுக்குள், எலும்பை ஒட்டி, எறும்புச் சாரை போவது போல இருக்கும். வலி என்று சொல்ல முடியாது. குடைச்சல். காலை உதறினால் ஒரு நிமிடம் நிற்கும், எழுந்து நடந்தால் நன்றாக விட்டுவிடும், படுத்தால் மறுபடி வரும். தைலம் தேய்த்தோம். என் மனைவி துண்டை இறுக்கிக் கட்டிவிட்டாள். சர்க்கரை இருக்கும் என்றார்கள், பரிசோதித்தால் இல்லை.

கடைசியில் ஒரு மருத்துவர் கேட்டவுடன் சொல்லிவிட்டார், இது 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்' என்று. புது நோய் இல்லை. இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் 1672லேயே இதை எழுதிவைத்திருக்கிறார். 1945இல் சுவீடனைச் சேர்ந்த எக்பாம் என்ற மருத்துவர் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அவர்கள் பெயரை வைத்தும் இந்த நோயைச் சொல்கிறார்கள். நமக்குத்தான் "வயசானா கால் உளையத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவது வழக்கம்.

பிரமிபெக்ஸோல் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்தார். பார்கின்சன் நோய்க்குக் கொடுப்பதும் இதுதான், அளவு மட்டும் மிகச் சிறியது, 0.125 மில்லிகிராம். முதல் ராத்திரியே குழந்தை போலத் தூங்கினேன். காலையில் மனைவி பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம்.

ஒரு வருடம் நன்றாக இருந்தது. பிறகு ராத்திரி பத்து மணிக்கு வந்த குடைச்சல் சாயந்தரம் ஆறு மணிக்கே வந்தது. அப்புறம் மதியச் சாப்பாடு முடிந்ததும். அப்புறம் கையிலும். நோய் முற்றுகிறது என்று நினைத்து அளவைக் கூட்டிக்கொண்டே போனோம். மூன்று வருடத்தில் 0.5 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்கு. கூட்டினால் ஒரு மாதம் அடங்கும், மறுபடி தலை தூக்கும். மருந்தே நோயைக் கிளறிவிடுகிறது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இனிதான் கூச்சமான பகுதி.

லாட்டரியைத் தமிழ்நாட்டில் 2003இல் தடை செய்தார்கள். கேரளாவில் அரசாங்கமே நடத்துகிறது. எங்கள் ஊரில் பஸ் ஏறினால் கூடலூர், லோயர் கேம்ப், மலை ஏறினால் குமுளி. சர்வீஸ் முழுக்க டிக்கெட் கிழித்துக் கொடுத்தவன் நான், ஒரு லாட்டரிச் சீட்டுகூட வாங்கியதில்லை. வாங்குபவர்களைக் கேலி பேசியிருக்கிறேன். அந்த மூன்றாவது வருடத்தில் எப்படியென்று தெரியவில்லை, வாரம் ஒருமுறை குமுளி போக ஆரம்பித்தேன். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். மதியம் மூன்று மணிக் குலுக்கல் முடிவு வரும்வரை வீட்டில் இருப்புக் கொள்ளாது. நூறு ரூபாய் விழுந்தால் ஆயிரத்துக்கு வாங்குவேன். மகனிடம் மருத்துவச் செலவு என்றேன். மனைவியிடம் பழைய சிநேகிதனைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். ஓய்வுப் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல் போய்விட்டது.

அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகியிருந்த சீட்டுக் கட்டை அவள்தான் எடுத்தாள். கத்தவில்லை. "என்னங்க இது, நீங்கதானா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கும் அதே சந்தேகம்தான்.

எல்லாவற்றையும் விட்டுத் தொலைக்கிறேன் என்ற ரோஷத்தில் மாத்திரையையும் அன்றே குப்பையில் போட்டேன். யாரும் இதைச் செய்யாதீர்கள். மறுநாள் ராத்திரி கால்கள் தாமாகவே உதைத்தன. இரண்டாம் நாள் உடம்பு முழுக்க வியர்வை, நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத பயம். மூன்றாம் நாள் விடியுமுன் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய், டீக்கடை பெஞ்சில் உட்காரவும் முடியாமல் நின்றுகொண்டு அழுதேன். செத்தால் தேவலை என்று தோன்றியது. காலையில் மருந்துக்கடை திறந்ததும் மறுபடி வாங்கி விழுங்கினேன்.

அடுத்த வாரம் மகன் விவரம் கேட்டு, மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பிவைத்தான். மூன்று மணி நேரப் பயணம், பாதி பஸ் காலி, நான் நின்றே போனேன். "அண்ணே, சீட்டு இருக்குல்ல, உக்காருங்க" என்றார் கண்டக்டர் தம்பி. உட்கார முடியாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மருத்துவர் என் காலைத் தொடுவதற்கு முன் மனைவியிடம் கேட்டார்: "அம்மா, இந்த மாத்திரை ஆரம்பிச்ச பிறகு ஐயா சீட்டாட்டம், லாட்டரி, வேண்டாத பொருள் வாங்குறது, இந்த மாதிரி ஏதாவது?" அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் விளக்கியது இதுதான். மூளையில் டோபமின் என்று ஒன்று இருக்கிறது. உடம்பின் அசைவுக்கும் அதுதான், "இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும்" என்ற ஆசைக்கும் அதுதான். இந்த மாத்திரை டோபமின் போல நடிக்கும். சிலருக்கு காலை அடக்கும்போதே ஆசையைத் தூண்டிவிடும். நாள்பட்டால் குடைச்சலையும் சீக்கிரமாக, பலமாக வரவைக்கும். அதற்கு 'ஆக்மென்டேஷன்' என்று பெயர். திடீரென்று நிறுத்தினால் நான் பட்ட பாடுதான். முதலில் எழுதிக்கொடுத்த மருத்துவர் மேல் குறையில்லை. உலகம் முழுவதும் பல வருடம் இதுதான் முதல் மருந்தாக இருந்தது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலில்தான், இதை வழக்கமான மருந்தாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ரத்தத்தில் ஃபெரிட்டின் பார்த்தார். உடம்பில் சேமித்திருக்கும் இரும்புச் சத்தின் கணக்கு அது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் எனக்கு ஃபெரிட்டின் 24தான். இந்த நோய்க்காரர்களுக்கு 75க்கு மேலே இருப்பது நல்லதாம். இந்த வயதில் இரும்பு ஏன் குறைந்தது, ரத்தம் எங்கே போகிறது என்று தேடியதில் பழைய மூலக் கசிவு தெரிந்தது. அதற்கும் வைத்தியம் பார்த்தோம். இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள், காபி டீ சேர்க்காமல் சாப்பிட்டேன்.

சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிரிகாபலின் என்ற மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்கினார். அது உடம்பில் பிடித்த பிறகு, பழைய மாத்திரையை இரண்டு வாரத்துக்கு 0.125 வீதம் குறைத்தோம். எட்டு வாரம். என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் நான்கைந்து நாள் மோசம், பிறகு கொஞ்சம் அடங்கும். கடைசித் துணுக்கை விட்ட வாரம்தான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. நாலு ராத்திரி கண் மூடவில்லை. மனைவி வெந்நீர் ஊற்றுவாள், கெண்டைக்காலைப் பிடித்துவிடுவாள், முற்றத்தில் என்னோடு நடப்பாள். "இது நோய் இல்லங்க, மாத்திரை உடம்பை விட்டுப் போற வழி" என்று டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்வாள். மாத்திரை அட்டையை அவளிடம் கொடுத்து வைத்திருந்தேன். என் ஏடிஎம் கார்டும் அவளிடம்தான். இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி ஜீப் சத்தம் கேட்கவில்லை. தூங்கியிருக்கிறேன்.

லாட்டரி ஆசை எப்போது போனது என்று தேதி சொல்ல முடியாது. ஒருநாள் குமுளி பஸ் என் எதிரே நின்று கிளம்பிப் போனது, ஏற வேண்டும் என்று தோன்றவே இல்லை. பணம் திரும்பி வரவில்லை. மகன் முகத்தை நேராகப் பார்த்துப் பேச இன்னும் நாளாகும்.

புது மாத்திரையும் தங்கம் இல்லை. முதல் மாதம் தலை சுற்றி, ஒருமுறை குளியலறையில் சுவரைப் பிடித்துத் தப்பித்தேன். பாதம் லேசாக வீங்குகிறது. மாதத்தில் இரண்டு மூன்று ராத்திரி கால் உளையத்தான் செய்கிறது. மதியத்துக்கு மேல் காபி கிடையாது. சளி, அரிப்புக்குத் தூக்கம் வரும் மாத்திரைகளையும், சில வாந்தி மாத்திரைகளையும் கேட்காமல் போடுவதில்லை. அவை இந்தக் குடைச்சலைக் கூட்டும். சாயந்தரம் முல்லைப் பெரியாற்றுக் கரையில் ஒரு நடை.

உங்களில் யாராவது இந்த வகை மாத்திரை சாப்பிட்டால், பயந்துபோய் இன்றே நிறுத்திவிடாதீர்கள். பலருக்கு ஒரு தொந்தரவும் வருவதில்லை. ஆனால் குடைச்சல் முன்னதாக வர ஆரம்பித்தாலோ, உங்களுக்கே புரியாத ஓர் ஆசை பிடித்து இழுத்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். நான் சொல்லாமல் மறைத்த ஒரு வருடத்தில்தான் அந்த மூன்று லட்சமும் போனது.