வெடியாத துப்பாக்கி

ஒற்றர் கதை என்றவுடன் வேட்டோசையும் மாறுவேஷமும் மோட்டார்த் துரத்தலும் மனத்தில் எழுவது இயல்பே. ‘தி அமெரிக்கன்ஸ்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலும் இவை யாவும் உள. 2013-ஆம் ஆண்டு தொடங்கி 75 பகுதிகளாக நடந்த அத்தொடர் 2018-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி முடிவெய்திற்று. அதன் இறுதிப் பகுதியைக் கண்ணுற்றபொழுது எம்மை மூச்சடைக்கச் செய்தது வேட்டன்று. நால்வர் நின்று பேசிய பேச்சே.

அப்பகுதியின் கதை நிகழ்வது 1987-இல். வாஷிங்டன் நகரின் அருகே பிரயாண ஏற்பாட்டு நிலையம் நடத்திவரும் பிலிப், எலிஸபெத் தம்பதிகள் உண்மையில் சோவியத் கே. ஜி. பி. அனுப்பிய ஒற்றர்கள். பிறப்பும் பெயரும் மொழியும் மறைத்து, அமெரிக்கராகவே வாழ்ந்து, இரு மக்களையும் பெற்று வளர்த்தவர்கள். எதிர்வீட்டிலோ, அத்தகைய ஒற்றரைப் பிடிப்பதையே உத்தியோகமாகக் கொண்ட எப். பி. ஐ. அதிகாரி ஸ்டான் பீமன்! இவ்வளவு வாய்ப்பான அண்டை வீடு கதையிலன்றி வேறெங்கும் அமையாது என்க. ஆயினும் யாம் அதனை நம்பினோம். தொடரைப் படைத்த ஜோ வைஸ்பர்க் முன்னாளில் சி. ஐ. ஏ.யில் பணியாற்றியவராதலின், ஒற்றுத் தொழிலின் நுட்பங்கள் அவருக்குப் புதியனவல்ல. ஸ்டானும் பிலிப்பும் ஒருங்கே ஆடியும் உண்டும் மெய்யான நண்பராயினர்.

இரகசியம் வெளிப்படுகின்றது. நாட்டைவிட்டு ஓடுமுன் மகள் பெய்ஜை உடனழைத்துச் செல்ல வந்த இருவரையும், மோட்டார் நிறுத்தும் கொட்டகையில் ஸ்டான் துப்பாக்கியுடன் மறிக்கின்றான். காட்சி பத்து நிமிஷத்திற்கு மேல் நீள்கின்றது. முதலில், மகளுக்கு உடல்நலமில்லை என்று வழக்கம்போல் நடித்துப் பார்க்கின்றனர். ஸ்டான் அசையவில்லை. பின்னர்ப் பிலிப் நடிப்பைக் கைவிட்டு, தம் வாழ்வில் வாய்த்த நண்பன் அவன் ஒருவனே என்னும் கருத்துப்படப் பேசுகின்றான். கோர்பசேவைக் கவிழ்க்கத் தம்மவருட் சிலர் செய்யும் சதியைத் தடுக்க வேண்டும் என்கின்றாள் எலிஸபெத். இவை மெய். ஆனால் ஜெனடி, சோபியா என்னும் இருவரின் கொலையைப்பற்றி ஸ்டான் வினவுங்கால், தாம் அறியோம் என்று சாதிக்கின்றனர். அடுத்த அறையில் அவர்தம் சிறுவன் இருக்க, அவ்விருவரையும் கொன்றவள் எலிஸபெத் என்பதைக் காண்போர் அறிவர். மகள் அருகில் நிற்கின்றாள்.

மெய்யையும் பொய்யையும் இவ்வாறு ஒருங்கே பிசைந்தளித்த பின்னரே, ஸ்டான் வழிவிடுகின்றான்.

நட்பைப் போற்றினான் என்று அவனைப் புகழ்வோர் உளர். யாம் உடன்படோம். ஜெனடி அவனை நம்பி உயிரைப் பணயம் வைத்தவன். அவன் பொருட்டுக் கேட்பார் வேறு யாவர்? எனினும், வண்டி எப்பொழுது புறப்படும் என்று எம் நெஞ்சு துடித்ததையும் மறைப்பதற்கில்லை. ஆறு பருவங்கள் எம்மை எத்தரப்பினராக்கின என்பது அக்கொட்டகையிலேதான் விளங்கிற்று. இப்பகுதியை எழுதியோருக்கும், பிலிப்பாக நடித்த மாத்யூ ரீஸுக்கும் அவ்வாண்டே எம்மி பரிசு கிடைத்தது. ஸ்டானாக நடித்த நோவா எம்மெரிக்குக்குக் கிட்டாமை எமக்குக் குறையே.

ஒற்றாடலுக்குப் பத்துக் குறள் வகுத்த வள்ளுவனார் ஒற்றனின் மக்களைப்பற்றி ஒன்றுங் கூறிற்றிலர். இக்கதையின் பெருந்துயர் அவ்விடத்தேதான் உளது. ஒன்றுமறியாத மகன் ஹென்றி தொலைவிலுள்ள பள்ளி விடுதியில் விடப்படுகின்றான். தொலைபேசியில் தந்தை ஏதோ பேசுகின்றான், தாய்க்கு நாவெழவில்லை. கனடா எல்லையில் ரயில் நகருகையில், பெய்ஜ் தனியே மேடையில் இறங்கி நிற்பதை எலிஸபெத் ஜன்னல் வழியே காண்கின்றாள். கூவியழைக்கவும் வழியில்லை, குரலெழுப்பின் அகப்படுவாள்.

ஹென்றியைக் காத்தருளுமாறு பிலிப் வேண்டிக்கொண்டது ஸ்டானையே. அவன் பள்ளிக்குச் சென்று, பனிச்சறுக்கு அரங்கின் ஓரத்தில் அப்பிள்ளையிடம் பேசுகின்றான். அவன் சொற்கள் எமக்குக் கேட்கவில்லை.