நுளம்பைப் படிக்கப் போகும் மகள்



பல்கலைக்கழக அனுமதிக் கடிதங்கள் வந்து சேரும் நாட்களில் நம்முடைய வீடுகள் சிலவற்றில் சொல்ல முடியாத ஒரு சோகம் குடிவந்து விடுகிறது. பிள்ளை பரீட்சையில் தவறிவிட்டாளா என்றால் இல்லை. உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் நல்ல பெறுபேறு. ஆனால் இஸட் புள்ளி சற்றுக் குறைந்ததால் மருத்துவ பீடம் கைநழுவி, விஞ்ஞான பீடத்தில் உயிரியல் விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது. "டொக்டருக்குக் கிடைக்கவில்லையாம்" என்று ஊர் பேசுகிறது. "பூச்சி புழுவைப் படிக்கவா குமருப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவது?" என்று மாமிமார் கேட்கிறார்கள். கடிதம் அலுமாரிக்குள் போகிறது. கல்யாணப் பேச்சு வெளியே வருகிறது.

அந்தப் பூச்சி புழுவைப் படித்தவள் நான். பேராதனையில் விலங்கியல் கற்று, பின்னர் பல வருடங்கள் முஸ்லிம் பாடசாலையொன்றில் நம் பிள்ளைகளுக்கு உயிரியல் கற்பித்தேன். ஆகவே, அந்தப் பீடத்துக்குள் என்னதான் நடக்கிறது என்பதை உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

1942இல் கொழும்பில் ஆரம்பமான இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. அங்கு விஞ்ஞான பீடம் உருவானது 1961இல். தாவரவியல், விலங்கியல், பின்னாளில் மூலக்கூற்று உயிரியல் என்று உயிர்களைப் பற்றிய கல்வி அங்கே பல துறைகளாக விரிந்திருக்கிறது. பொதுப் பட்டம் மூன்று வருடம். சிறப்புப் பட்டம் நான்கு வருடம். சிறப்புப் பட்டம் செய்பவர் தாமே ஓர் ஆய்வைச் செய்து முடித்து, அதை எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதலாம் வருடச் செய்முறை வகுப்பில் எனக்குப் புதிதாக இருந்தது நுணுக்குக்காட்டி அல்ல, வரைதல்தான். பாடசாலையில் நாங்கள் புத்தகப் படத்தைப் பார்த்து அழகாக வரைந்து பழகியவர்கள். அங்கேயோ கண்ணில் படுவதை மட்டும் வரையச் சொன்னார்கள். பார்க்காத உறுப்பை வரைந்தால் புள்ளி இல்லை. எங்கே எடுத்தது, எந்தத் திகதி, எத்தனை மணி என்று எழுதாத மாதிரிக்கு மதிப்பே இல்லை. கேள்விப்பட்டதைச் சொல்லாதே, பார்த்ததைச் சொல் என்ற இந்தப் பழக்கம் ஒரு பெண்ணுக்கு ஆயுள் முழுவதும் உதவும். பக்கத்து வீட்டுக் கதையைப் பரப்புவதற்கு முன் ஒரு கணம் நின்று யோசிக்கவும் அது கற்றுத் தருகிறது!

"சரி, அதனால் நாட்டுக்கு என்ன லாபம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

1934, 1935ஆம் ஆண்டுகளில் இந்நாட்டைத் தாக்கிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். மழை பொய்த்தது. வழக்கமாகப் பெருக்கெடுத்தோடும் ஆறுகள் வற்றிச் சிறு சிறு குட்டைகளாயின. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு முட்டையிட்டுப் பெருகியது அந்தத் தெளிந்த குட்டைகளில்தான். ஓடும் ஆற்றில் அதன் குடம்பிகள் தங்குவதில்லை. நோய்க்கு மருந்து கொடுப்பது டொக்டரின் வேலை. ஆனால் எந்த நுளம்பு, எந்த நீரில், எந்த மாதத்தில் பெருகுகிறது என்று கண்டு சொல்ல வேறொருவர் வேண்டுமல்லவா?

பேராதனை விலங்கியல் துறைப் பேராசிரியராக இருந்த காலஞ்சென்ற பீலிக்ஸ் அமரசிங்க அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர். 1990களில் அவரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் வடமத்திய மாகாணத்தில் யான் ஓயாவை அண்டிய கிராமங்களில் நுளம்புகளையும் குடம்பிகளையும் சேகரித்து எண்ணினார்கள். ஓயாவில் நீர் குறைந்து குட்டைகள் தோன்றும்போது நோய் பரப்பும் நுளம்பு பெருகுவதைக் கண்டார்கள். மேலேயிருந்து தக்க நேரத்தில் நீரைத் திறந்துவிட்டு அந்தக் குட்டைகளைக் கழுவி விடலாமே என்ற யோசனையும் அத்தகைய ஆய்விலிருந்து பிறந்தது. மருந்தும் வேண்டும், இந்த அறிவும் வேண்டும். பலருடைய உழைப்பும் சேர்ந்துதான் 2012க்குப் பின்னர் உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லை என்ற நிலை வந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

டெங்குவின் கதை வேறு. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு சந்தேக நோயாளர்களாகப் பதிவானார்கள். அவ்வருட ஆரம்பத்தில் நமது கிண்ணியா பட்ட துன்பம் மறக்கக் கூடியதல்ல. டெங்கு நுளம்பு ஆற்றைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டைத் தேடி வருகிறது. பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள தட்டு, அடைபட்ட பீலி, வுழூச் செய்யும் தொட்டி இவையெல்லாம் அதற்குப் போதும். முட்டையை அது நீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. அந்த முட்டை காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆகையால், சகோதரிகளே, தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். குடம்பியைக் கண்டால் கவனியுங்கள்: நீரின் மேற்பரப்போடு சமாந்தரமாகப் படுத்திருந்தால் அனோபிலிஸ், தலைகீழாகத் தொங்கினால் டெங்கு நுளம்பாக இருக்கலாம். நம் வாசலிலேயே பயன்படும் இந்த அறிவைத்தான் "பூச்சி புழு" என்கிறோம்.

பெண்களுக்கு இது ஏற்ற துறையா என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். பேராதனையில் தாவரவியல் பேராசிரியையாக இருந்த சாவித்திரி குணதிலக்க, தம் கணவர் பேராசிரியர் நிமல் குணதிலக்கவோடு சேர்ந்து சிங்கராஜ வனத்தில் பல்லாண்டுகள் ஆய்வு செய்தவர். 1990களில் அங்கே 25 ஹெக்டயர் நிலத்தைக் குறித்து, ஒரு சென்றிமீற்றர் தடிப்புள்ள கன்று முதல் பெருமரம் வரை ஒவ்வொன்றையும் அளந்து, இலக்கமிட்டுப் பதிந்தார்கள். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள்! அந்த வனத்திலிருந்து ஜின் கங்கைக்கும் களு கங்கைக்கும் நீர் சேர்கிறது. காலி, களுத்துறைப் பக்கத்துச் சகோதரிகளின் சமையலறைக் குழாய்க்கும் அந்தக் காட்டுக்கும் உறவு உண்டு.

மார்க்கத்துக்கும் இது அந்நியமல்ல. தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயரில் அல்குர்ஆனில் சூராக்களே இருக்கின்றன. நுளம்பு சூரா பகராவில் குறிப்பிடப்படுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவின் அல்ஜாஹிஸ் விலங்குகளைப் பற்றிப் பல பாகங்களில் நூல் எழுதினார். சமூகத்துக்குத் தேவையான கல்வியை ஒருவராவது கற்காவிட்டால் எல்லோரும் பொறுப்பாளிகள் என்ற பர்ளு கிபாயாவை நாம் டொக்டருக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோமே!

கஷ்டங்கள் இல்லையென்று சொல்ல மாட்டேன். படிப்பு ஆங்கில மொழியில். முதல் வருடம் சிரமமாகத்தான் இருக்கும். பட்டம் கையில் கிடைத்த மறுநாளே தொழில் கிடைக்குமென்ற உத்தரவாதமும் இல்லை. ஆயினும் ஆசிரியத் தொழில், சுகாதாரத் துறையில் பூச்சியியல் பணி, தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம், லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்கள் என்று வழிகள் பல உண்டு. வெளிக்கள ஆய்வுக்கு நாங்கள் குழுவாகவே போனோம். முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு குளத்துக்குள் இறங்கினேன். நேரம் வந்ததும் கரையில் தொழுதேன். ஒன்று மற்றதற்குத் தடையாக இருக்கவில்லை.

தூரம்தான் கவலையென்றால், கிழக்கில் உள்ளவர்களுக்குத் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. எங்கே இடம் கிடைத்தாலும், முடிவெடுக்குமுன் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒரு முறை போய்ப் பாருங்கள். விடுதியைப் பாருங்கள். முஸ்லிம் மஜ்லிஸில் உள்ள மூத்த மாணவியரிடம் கேளுங்கள். ஊர்ப் பேச்சைக் கேட்டு முடிவெடுக்காமல், கண்ணால் பார்த்து முடிவெடுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், உங்கள் மகளிடமே கேளுங்கள்: "உனக்கு இதைப் படிக்க விருப்பமா, மகள்?" விருப்பமென்று அவள் சொன்னால், பிஸ்மில்லாஹ் சொல்லி அனுப்பி வையுங்கள்.

நம் பெண்மக்களின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.