பீச் மொட்டும் சால்டோவின் சாடிகளும்

டென்மார்க்கில் நவம்பர் முடிவதற்குள் மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிடும். டிசம்பரில் பகல் ஏழு மணித்தியாலம்தான். ஆண்டு முழுதும் வேம்பையும் மாவையும் பச்சையாகப் பார்த்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு இந்த மரங்கள் பட்டுப்போனவையாகவே தெரியும். யூட்லாந்தின் சிறு நகரங்களில் குடியேறிய எங்கள் ஆட்கள் பலருக்கு குளிர்காலம் இன்னும் கடத்தித் தீர்க்கவேண்டிய காலம்.

இந்தக் குளிர்காலத்தை எனக்குப் பார்க்கக் கற்றுத்தந்தவர் மட்பாண்டக் கலைஞர் அக்சல் சால்டோ. 1889இல் கோபன்ஹேகனில் பிறந்து ஓவியம் பயின்றவர். 1930களிலிருந்து 1961இல் இறக்கும்வரை ராயல் கோபன்ஹேகன் நிறுவனத்துக்காகச் சாடிகளும் கிண்ணங்களும் படைத்தார். 1951இல் மிலான் திரியெனாலே கண்காட்சியில் அவருக்குப் பெரும்பரிசு கிடைத்தது. லில்லபெல்ட் நீரிணையோரம், மிடல்ஃபார்ட் நகரின் ‘கிளே’ அரும்பொருளகத்தில் அவருடைய படைப்புகள் இருக்கின்றன.

சால்டோவின் சாடிகள் மூன்று வகை. ஒன்றில் உடலெங்கும் வரிப்பள்ளங்கள். அடுத்ததில் மேனி முழுதும் மொட்டுகள். மூன்றாவதில் அந்த மொட்டுகள் முளைகளாக நீண்டு, கொம்புகளாகக் கிளம்புகின்றன. மொட்டுச் சாடி ஒன்றின் அருகே குனிந்து பாருங்கள். சூளையில் உருகிய மெருகு மொட்டின் முனையிலிருந்து வழிந்து இடுக்குகளில் தேங்கியிருக்கும். முனை வெளிர் பழுப்பு, இடுக்கு கரும் பழுப்பு. ஒளியும் நிழலுமான இந்த ஆட்டத்தைத் தூரிகை தீட்டவில்லை; மொட்டின் வடிவமும் தீயும் சேர்ந்து செய்தது.

பூ வைக்கிற சாடிதான் அது. வாயும் வயிறும் உண்டு. முளை வகைக்கு வரும்போது பூவே தேவையில்லை, சாடியே செடியாகிவிடுகிறது. ஆனாலும் இது இன்ன செடி என்று பெயர் சொல்ல முடியாது. இயற்கையின் தோற்றத்தைப் பிரதி எடுப்பதைவிட, இயற்கை வளர்கிற முறையில் படைப்பதே பெரிது என்பது சால்டோவின் கொள்கை.

டேனிய தேசிய கீதத்திலேயே இடம்பெற்ற பீச் (beech) மரம் மே மாதத்தில் துளிர்ப்பதை இங்குள்ளவர்கள் திருவிழாவாக எதிர்பார்க்கிறார்கள். அந்தத் துளிருக்கான மொட்டோ முந்தைய ஆண்டே கட்டிவிடுகிறது. கூரிய பழுப்பு முனைகளாகக் கிளையில் இருந்தபடியே பனி, உறைகுளிர் எல்லாவற்றையும் தாண்டுகிறது. சால்டோ மண்ணில் பிடித்தது இந்த உள் உந்தலைத்தான்.

புலம்பெயர்ந்த வாழ்வை வேரறுந்த மரம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இங்கே பிறந்து, டேனிஷும் தமிழும் கலந்து பேசும் எங்கள் பிள்ளைகள் எங்களுடைய நகலும் இல்லை, டேனியரின் நகலும் இல்லை. சால்டோவின் முளைகளைப் போலவே அவர்கள் வளர்கிற உருவமும் உள்ளிருந்து வருவது. அதில் குறை தேடுவதை நாங்கள் நிறுத்தவேண்டும்.

தமிழ்ப் பள்ளிகள் பிள்ளைகளை ஒருமுறையாவது மிடல்ஃபார்ட்டுக்கு அழைத்துப் போகட்டும். ஜனவரியில் போவது நல்லது. வழியில் ஒரு பீச் கிளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனால், சால்டோவைப் பற்றி ஆசிரியர் அதிகம் விளக்கவேண்டியிருக்காது.