நிற்கிற மாதிரி சுற்றுகிறது!

கோவை வெரைட்டி ஹால் ரோட்டில் பைக்கை நிறுத்த இடம் தேடி நாலு ரவுண்டு அடித்திருப்பீர்கள். ஹால் எங்கே, அதில் என்ன வெரைட்டி என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

சாமிக்கண்ணு வின்சென்ட் என்று ஒரு கோயமுத்தூர்க்காரர். திருச்சியில் ரயில்வே உத்தியோகம். 1905ல் டுபான்ட் என்கிற பிரெஞ்சுக்காரரிடமிருந்து சினிமா காட்டும் மெஷினை விலைக்கு வாங்கி, உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். (வீட்டில் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.) ஊர் ஊராக டென்ட் அடித்துப் படம் காட்டியவர், 1914ல் கோவையில் நிரந்தரமாக ஒரு தியேட்டர் கட்டினார். அதுதான் வெரைட்டி ஹால். பின்னாளில் டிலைட் தியேட்டர் என்று பேர் மாறியது.

சரித்திரப் பாடம் எடுக்க அவரை நான் இழுக்கவில்லை. என் அக்கா பையன் '240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியே தீருவேன்' என்று ஒற்றைக் காலில் நின்ற வழக்கு ஒன்று என்னிடம் வந்தது. அதற்கு விடை அந்தக் காலத்து புரொஜக்டரில் இருக்கிறது.

பேசாப் படக் காலத்தில் விநாடிக்குச் சுமார் 16 படங்கள் ஓடும். அப்படியே காட்டினால் திரை பளிச் பளிச்சென்று சிமிட்டி, பார்ப்பவருக்குத் தலைவலி நிச்சயம். அதனால் புரொஜக்டரில் மூன்று இறக்கை வைத்த தகடு ஒன்று சுற்றும். ஒவ்வொரு படத்தையும் மூன்று தடவை மறைத்து மறைத்துக் காட்டும். ஆக 48 வெளிச்சம். பேசும் படம் வந்ததும் விநாடிக்கு 24 படம் என்று ஆனது. இறக்கையை இரண்டாகக் குறைத்தார்கள். அப்போதும் அதே 48. சிமிட்டல் அடங்கியது. ஆனால் புதுப் படம் என்னவோ 24தான். ஹீரோ ஓடும்போது விநாடிக்கு 24 தடவைதான் இடம் மாறுகிறார். இறக்கையைக் கூட்டினால் அவர் கூடுதலாக ஓடிவிட மாட்டார்!

ஆக, கணக்கு இரண்டு. மெஷின் எத்தனை புதுப் படம் தருகிறது என்பது ஒன்று. திரை எத்தனை தடவை காட்டுகிறது என்பது இன்னொன்று. கம்ப்யூட்டரில் முதலாவது ஃப்ரேம் ரேட், இரண்டாவது ரெஃப்ரெஷ் ரேட். கடைக்காரர்கள் இரண்டாவதை மட்டும் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்து விற்கிறார்கள்.

இப்போது வழக்குக்கு வருவோம். அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, நீயாவது வந்து கேளு. பாப்பாவுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டறதுக்குன்னு சீட்டு எடுத்து வெச்சிருக்கறேன். அதுல பாதியைக் குடு, டிவி வாங்கோணும்ங்கறான். ஏற்கெனவே ஒண்ணு இருக்குது!"

அது டிவி அல்ல, மானிட்டர் என்று அக்காவுக்கு விளக்கிப் பயனில்லை. சிங்காநல்லூருக்குக் கிளம்பினேன். அப்பாவும் "நானும் வர்றேன், வீட்ல சும்மாதான இருக்கறேன்" என்று வண்டியில் ஏறிக்கொண்டார்.

மாப்பிள்ளைக்குப் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை. பகலெல்லாம் பம்ப், ராத்திரியெல்லாம் கவுன்ட்டர் ஸ்ட்ரைக். "மாமா, செவுத்து மறைவுல ஒருத்தன் எட்டிப் பாக்கறான்னு எனக்குத் தெரியறதுக்குள்ள சுட்டுப்போடறான். 240 ஹெர்ட்ஸ் வெச்சிருக்கறவனுக்கு முன்னாடியே தெரியுது மாமா."

பையன் சொன்னதில் பொய் இல்லை. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே 16.7 மில்லி செகண்ட் இடைவெளி. 144 என்றால் 6.9. 240 என்றால் 4.2. ஆனால் கணக்கைச் சற்று உற்றுப் பாருங்கள். 60லிருந்து 144க்குப் போனால் கிட்டத்தட்ட பத்து மில்லி செகண்ட் லாபம். 144லிருந்து 240க்கு மூன்றுகூடத் தேறாது. காசு மட்டும் எகிறும்.

"இப்ப இருக்கறது எவ்வளவு?"

"144 மாமா. போன தீபாவளி போனஸ்ல வாங்குனது. பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியலை. அதான் 240க்குப் போலாம்னு..."

அதுவரை காபியை ஆற்றிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். நாற்பது வருஷம் லேத் ஓட்டியவர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை.

"ஏங்கண்ணு, அந்த அம்புக்குறியை வேகமா வட்டமாச் சுத்து பாக்கலாம்."

சுற்றினான். திரையில் ஒரே அம்பு, இடைவெளி விட்டு விட்டு நாலைந்தாகத் தெரிந்தது.

"பாப்பாவோட லேப்டாப் எவ்வளவு?"

"அது சாதா 60 அப்புச்சி."

"அதையும் எடுத்துட்டு வந்து இதே வேகத்துல சுத்து."

சுற்றினான். அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டுலயும் ஒரே சந்துதான உளுகுது. பொறவு இது எப்படி 144 ஆகும்?"

மாப்பிள்ளை விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற இடத்துக்குப் போனான். ரெஃப்ரெஷ் ரேட்: 60. வாங்கிய நாளிலிருந்து அப்படியே இருந்திருக்கிறது. பெட்டியில் 144 என்று அச்சடித்திருந்தாலும், சில சமயம் நாமாகப் போய் மாற்றிவிட வேண்டும்.

அப்பாவுக்கு இது எப்படிப் பிடிபட்டது என்கிறீர்களா? பட்டறைப் பாடம். பழைய சோக் வைத்த ட்யூப் லைட், நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டில் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். நமக்குத் தெரியாது, சுற்றுகிற சாமானுக்குத் தெரியும். மோட்டாரின் பிளேட்டில் 1440 ஆர்.பி.எம். என்று போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதாவது விநாடிக்கு 24 சுற்று. ஒரு வெளிச்சத்துக்கும் அடுத்த வெளிச்சத்துக்கும் நடுவே கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. நாலு போல்ட் போட்ட கப்ளிங் என்றால், முன்னால் ஒரு போல்ட் இருந்த இடத்துக்குச் சற்றுப் பின்னால் அடுத்த போல்ட் வந்து நிற்கும். பார்ப்பவனுக்கு மோட்டார் விநாடிக்கு ஒரே ஒரு சுற்று, அதுவும் பின்பக்கமாக, சாவகாசமாகப் போவது போல இருக்கும்! சரியாக 1500 ஓடினால் அசையாமல் நிற்கிற மாதிரியே தோன்றும்.

அப்படி நிற்பதாக நினைத்து, பக்கத்து மிஷின்காரர் ஒருவர் துணியை எடுத்துத் துடைக்கக் கையைக் கொண்டுபோயிருக்கிறார். அப்பா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். அதற்கப்புறம் பட்டறை லைட்டுகளை மூன்று ஃபேஸிலும் பிரித்துப் போட்டார்கள். ஒன்று மங்கும்போது மற்றது எரியும். லேத் தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பு. அதன் இழை சூட்டிலேயே இருப்பதால் அவ்வளவாக மங்காது. விட்டு விட்டுத் தெரிகிற எதையும் அப்பா நம்புவதில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

அந்தக் காலத்துக் குண்டு மானிட்டர்களும் இந்த ஜாதிதான். 60 ஹெர்ட்ஸில் வைத்தால் ஓரக்கண்ணில் சிமிட்டும். சாயங்காலம் கண் எரியும். 85க்கு ஏற்றினால் அடங்கும். இன்றைய தட்டை மானிட்டரில் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை. ஒரு படத்தை அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். டைப் அடிக்க 60 தாராளம். ஆனால் ஆள் ஓடும்போது கண் அவன் பின்னால் வழுக்கிக்கொண்டு போகிறது, படம் நின்ற இடத்தில் நிற்கிறது. அதனால்தான் உருவம் இழுவிக்கொண்டு மங்கலாகத் தெரிகிறது. ஹெர்ட்ஸ் ஏற ஏற இந்த இழுப்பு குறையும்.

144க்கு மாற்றினோம். விளையாட்டின் மூலையில் இருந்த கணக்கு 90 என்று காட்டியது. மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர் முன்பிருந்தே விநாடிக்கு 90 படம் வரைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. திரை 60 தடவைதான் மாறியது. மீதியெல்லாம் பிரின்ட் போட்டும் கொட்டகைக்கு வந்து சேராத ரீல் மாதிரி! நிழலின் தரத்தைக் குறைத்தோம், 120ஐத் தொட்டது. (சுடப்படுகிறவனுக்கு நிழல் அழகாக விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன!)

"இந்தக் கம்ப்யூட்டருக்கு 240 மாட்டினா என்னாகும் மாமா?"

"அதே 120 படம், ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை. வின்சென்ட் இறக்கை."

ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. வேகமாகத் திரும்பினால் படம் குறுக்கே கிழிந்தது. மேல் பாதி பழசு, கீழ்ப் பாதி புதுசு. திரை பாதி மாறிக்கொண்டிருக்கும்போதே கார்டு அடுத்த படத்தைத் தள்ளிவிடுவதால் வருவது. கார்டு தயாராகும்வரை திரை பொறுத்திருக்க ஏற்பாடு உண்டு. 2013ல் என்விடியா ஜி-சிங்க் என்று அறிவித்தது. 2015ல் ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் வந்தன. மாப்பிள்ளையின் மானிட்டரில் அந்த வசதியும் இருந்தது. அதுவும் அணைந்தே கிடந்தது.

சீட்டுப் பணம் முழுசாகக் காலேஜுக்குப் போனது. மாப்பிள்ளை இப்போதும் சுடப்படுகிறான். ஆனால் சுட்டவனைப் பார்த்துவிட்டுச் சாகிறானாம்.

போன வாரம் அப்பா பாங்க்குக்குப் பாஸ்புக் பதியப் போயிருக்கிறார். கவுன்ட்டரில் எட்டிப் பார்த்து, "அந்த மவுஸை வட்டமா ஒரு சுத்து சுத்துங்க சார்" என்றாராம். கிளார்க்கும் பாவம், சுற்றியிருக்கிறார்.

"அறுபதுதானுங்க. இந்த வேலைக்கு அது போதும்."