வெண்கட்டை

நான் பதினொன்றாம் வகுப்பு முடித்த கோடையில், புதுப்பித்த எஞ்சினை எங்கள் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் அப்பா மீண்டும் பொருத்தினார். சென்னையில் உருவான வண்டி அது. அதன் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் இங்கிலாந்தில் ‘ஸ்பிட்ஃபயர்’ என்னும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள் என்பது அப்பாவின் பெருமை. வேப்பங்கிளையில் தொங்கிய சங்கிலிக் கப்பியை நான் தளர்த்த, 948 சி.சி. எஞ்சின் அங்குலம் அங்குலமாக இறங்கி அமர்ந்தது.

கியர் பெட்டிதான் இணங்கவில்லை. அதனைக் காரின் உள்ளிருந்தே பொருத்த வேண்டும். அதன் தண்டு கிளட்சுத் தட்டின் நடுத்துளைக்குள் நுழைய வேண்டும். தட்டு இம்மியளவு விலகியிருந்தாலும் நுழையாது. தட்டை முடுக்கியவன் நான்.

“ஆணிகளை இறுக்கினால் தானே உள்ளே போகாதா அப்பா?”

“போகும், தட்டையும் உடைத்துக்கொண்டு. நடுவம் பார்க்கும் கட்டையைச் செருகித்தானே முடுக்கினாய்?”

“ஆமாம்” என்றேன்.

அப்பா கருவிப்பெட்டியைத் திறந்தார். அவர் முதல்நாள் செதுக்கிய கட்டை, துளி மசகும் படாமல் வெண்மையாகக் கிடந்தது. ஒன்றும் பேசாமல் கியர் பெட்டியைத் தம் மடிமேல் சரித்துக்கொண்டு, விளக்கை என் பக்கம் திருப்பினார். நான் ஆணிகளைத் தளர்த்தி, கட்டையைச் செருகி, மீண்டும் முடுக்கினேன். தண்டு வழுக்கிக்கொண்டு உள்ளே சென்றது.

இரவு, முதன்முதலாக முடுக்கிப் பார்க்கும்படி சாவியை என்னிடமே நீட்டினார். வாங்க எனக்குக் கை எழவில்லை.