தொகையும் விரியும்

தமிழாசிரியராகிய எமக்கும் ஆகாய விமானத்துக்கும் யாது தொடர்பு என அன்பர்கள் வினவலாம். இம்மலரிலே எம்மிடம் இலக்கணக் கட்டுரையொன்றையே எதிர்பார்த்திருப்பர். யாம் எழுதப் புகுவதும் ஒருவகையில் இலக்கணமே.

எம்மிடம் கற்ற மாணவனொருவன் உயர்தரத்திற் கணிதப் பிரிவிற் சித்தியெய்தி, விமானியாதல் வேண்டுமென்னும் பேரவாவினால் இரத்மலானையிலுள்ள பயிற்சிப் பாடசாலையொன்றிற் சேர்ந்தான். தந்தையார் தோட்டஞ் செய்து வாழ்பவர்; காணியை ஈடுவைத்தே பணங் கட்டினார். உடன்படிக்கைக்குப் பிணையாளி ஒருவர் வேண்டுமென்றபோது அவன் எம்மை நாடி வந்தான். “சேர், விமானக் காப்புறுதி இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை” என்றான். யாமும் வாசியாமலே கையொப்பமிட்டோம். வினாத்தாளை இருமுறை வாசியுங்கள் என மாணாக்கர்க்கு நாள்தோறும் கூறும் ஆசிரியர் யாமே!

சில மாதங்கள் கழிந்தன. ஒருநாள் மாலை தொலைபேசியில் அவன் குரல் நடுங்கிற்று. தனியே பறந்து இறங்குகையில் விமானம் துள்ளி விழுந்து, முன்சில்லு வளைந்து, சுழல்விசிறி நிலத்தில் உரசிவிட்டதாம். அவன் நலமோ என வினவுமுன், யாம் இட்ட கையொப்பமே எம் கண்முன் வந்து நின்றது. அதனை இன்றும் நாணத்துடன் நினைக்கின்றோம். நல்வேளை, அவனுக்குச் சிறு காயமுமில்லை.

அன்றிரவே உடன்படிக்கைப் பிரதியை எடுத்து, செய்யுளுக்குப் பதவுரை காண்பதுபோல் வரிவரியாகப் படித்தோம். காப்புறுதி இருவகையாக இருந்தது. ஒன்று விமானத்தின் உடலுக்கு நேருஞ் சேதத்துக்கு. மற்றையது பிறருக்கும் பிறர் உடைமைக்கும் நேருந் தீங்குக்கு. இரண்டும் பாடசாலையின் பெயரிலேயே இருந்தன. சேதத்தின் முதற்பகுதியைக் காப்புறுதி ஏற்காது. அதனை மாணவனே செலுத்தல் வேண்டும். அதனினுங் கடியது பிறிதொரு வரி. பாடசாலைக்குப் பணங் கொடுத்த கம்பனி, பாடசாலையின் உரிமையைத் தான் பெற்று, தவறிழைத்த மாணவனிடம் அப்பணத்தைத் திருப்பிக் கேட்கலாமாம்.

விமானக் காப்புறுதி என்பது நான்காம் வேற்றுமைத் தொகை. விரித்தால் விமானத்துக்குக் காப்புறுதி. மாணவனுக்கு என்னும் பொருள் அதில் யாண்டும் இல்லை. இதனை வகுப்பிற் கற்பிக்கும் யாமே வாழ்க்கையில் விரித்துப் பார்க்கத் தவறினோம்.

நிற்க. கம்பனிகளைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. அவன் ஓட்டியது செஸ்னா 152 என்னும் ஈரிருக்கை விமானம். 1977 முதல் 1985 வரை செய்யப்பட்ட இவ்வகை இன்றும் பயிற்சியிற் பயன்படுகின்றது. புதியோர் பலர் கைமாறி ஓட்டுவதாலும், ஒரு மணி நேரத்திற் பலமுறை ஏறியிறங்கிப் பழகுவதாலும், பயிற்சி விமானத்துக்குக் காப்புறுதிக் கட்டணம் மிகுதி. சுழல்விசிறி நிலத்தில் உரசினால் எஞ்சினையே கழற்றிச் சோதித்தல் வேண்டும். ஆதலின் சிறு பிழையும் பெருஞ் செலவாகும். மேலும், ஆசிரியரின் அனுமதியின்றி மாணவன் தனியே பறப்பின் காப்புறுதியே பயனற்றதாகலாம். எம் மாணவன் அனுமதி பெற்றே பறந்தான். அதுவே எம்மைக் காத்தது.

ஈற்றிற் கம்பனி அவ்வுரிமையைப் பயன்படுத்தவில்லை. முதற்பகுதியைத் தந்தையாரும் யாமும் பகிர்ந்து செலுத்தினோம். எம் பங்கு இருமாதச் சம்பளம். பின்னர், பிறர் விமானத்தை ஓட்டுவோன் தன் பொறுப்புக்கெனத் தனியே பெறுங் காப்புறுதியொன்றை அவன் பெயரிற் பெற்றோம். வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்குச் சர்வதேச விதி பொதுவாக 200 மணி நேரப் பறப்பைக் கேட்கின்றது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாயின் 150. அவன் அத்துணை மணிகளையும் அச்சமின்றிப் பறந்து முடித்தான்.

வானிற் பறக்க விழையும் மாணவச் செல்வங்களே, பறக்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். காப்புறுதி எவர் பெயரில்? முதற்சேதம் எவர் தலையில்? கொடுத்த பணத்தைக் கம்பனி எவரிடங் கேட்கும்? விடைகளை எழுத்திற் பெறுங்கள். அங்ஙனம் பெற்றிருப்பின், விபத்துச் செய்தி வருங்கால் பெற்றோரும் ஆசிரியரும் பணத்தை எண்ணார், “தம்பி, நீ சுகமோ?” என்றே முதலிற் கேட்பர். அவ்வொரு வினாவை உரிய வேளையிற் கேட்கத் தவறிய ஆசிரியரின் வேண்டுகோள் இது.